பட்டினியில் செத்த ராஜா

பிரிஞ்சாங் மலையூரில் நான் ஏறிய பஸ்ஸில் என் முன் சீட்டில் கணவனும் மனைவியும். அவள் மடியில் லேப்டாப்.

“ஏங்க, என் ராஜா நேத்து பட்டினியில செத்துட்டாரு.”

நான் தூங்குவதுபோல் கண்ணைப் பாதி மூடிக்கொண்டேன்.

“எந்த ராஜா?”

“கேம்ல உள்ள ராஜா லா. அத ஏஐ விளையாடுது. எந்தக் கட்டளை எதுக்குன்னு நான்தான் எழுதிக் குடுக்கணும். ‘புது நெலத்தைத் தேடு’ன்னு ஒரு கட்டளை. கடைசி வரைக்கும் தேடிக்கிட்டே இருந்துச்சு. ஒரு வயல்கூடப் போடல. ஊரே செத்துப்போச்சு.”

“மூளை இல்லியா அதுக்கு?”

“இருக்கு. எப்ப நிறுத்தணும்னு நான்தான் எழுதல. நாளைக்குள்ள சரி பண்ணலன்னா வேலை போயிரும்.”

கணவன் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி போலிருக்கிறது.

“புதுசா வந்த வங்காளதேசத்து ஆளுகிட்ட, கூடை நெறையாம மலைய விட்டு எறங்காதன்னு சொன்னேன். இடி இடிச்சதும் எல்லாரும் ஓடியாந்துட்டாங்க. அவன் மட்டும் அங்கயே நிக்கிறான். பிளாஸ்டிக் கூடை நெறைய மழைத்தண்ணி.”

“திட்டுனீங்களா?”

“யாரைத் திட்டுறது? சொன்னது நான் லா.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு லேப்டாப்பில் தட்டினாள்.

“எழுதிட்டேன். ‘சாப்பாடு கொறைஞ்சா தேடுறத நிறுத்து, வயல் போடு.’”

நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தவள் அலறினாள்.

“ஐயோ, நம்ம ஸ்டாப் போயிருச்சு! பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? மணி அடிக்கிறதுக்கென்ன?”

“பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அடின்னு நீ எழுதிக் குடுக்கலியே.”