பின்சீட்டு பெல்ட்

– மறுபடியும் கத்துதுங்க சுபாக்கா. நான் பெல்ட் போட்டுகினேன், நீங்களும் போட்டுகினீங்க. பின்னாடி என்னா வெச்சிருக்கீங்க? சேலைக் கட்டு ஏதாச்சும் இருக்குதா?

– ஒண்ணும் வெக்கல செல்வி. திரும்பித்தான் பாரேன், துடைச்ச மாதிரி கிடக்குது.

– அப்புறம் எதுக்கு இந்த சிவப்பு பொம்மை எரியுது? இங்க பாருங்க, டேஷ்போர்டுல. உங்க பொம்மையும் அணைஞ்சி போச்சி, என் பொம்மையும் அணைஞ்சி போச்சி. எனக்குப் பின்னாடி சீட்டு மட்டும் எரிஞ்சிகினே இருக்குது. அந்த சீட்டுல ஆளு குந்திகினு பெல்ட் போடலன்னாதான் இது கத்தும்.

– ஆளா?

– ஆளுன்னா ஆளு இல்லக்கா, வெயிட்டு. சீட்டுக்கு அடியில சென்சார் வெச்சிருக்கான். எங்க டிரைவிங் ஸ்கூலாண்ட ஒருத்தரு வண்டி, தேங்கா மூட்டைக்கே கத்துச்சி. ஒயரு எங்கியாச்சும் தேய்ஞ்சிருக்கும். பயப்படாதீங்க, ரைட்டா? இந்த வண்டிய இத்தினி நாளா யாரு ஓட்டிகினு இருந்தாங்க?

– யாரு ஓட்டுவா? அவரு போனதுல இருந்து ஷெட்டுலயேதான் நின்னுச்சி. என் கொழுந்தனாரு பிரபாகரன் அப்பப்ப வந்து ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டுப் போவாரு, பேட்டரி எறங்காம. இன்னிக்கு நீதான் மொத மொத வெளிய எடுத்துனு வந்தே.

– நான் ஓட்டினு வரும்போது கத்தலியே. இந்த மில்லுக் களத்துக்கு வந்து, சீட்டு மாறி, நீங்க குந்தினப்புறம்தான் ஆரம்பிச்சிது.

– நானும் அதத்தான் நெனச்சிகினு இருக்கேன்.

– இருங்க, கைய விட்டுப் பாக்கறேன். தண்ணி கிண்ணி ஊத்தி ஈரமா இருந்தாலும் இப்பிடித்தான்… அட.

– என்னா?

– ஒண்ணுமில்ல.

– செல்வி, என்னான்னு சொல்லு.

– சில்லுனு இருக்குது. வெயிலு நேரா அந்த சீட்டு மேலதான் அடிக்குது. பக்கத்து சீட்டத் தொட்டா கை பொரியுது. இது மட்டும் சில்லுனு இருக்குது, கல்லு மாதிரி.

– அவரு எங்க குந்தினாலும் ஏசிய அந்தப் பக்கமே திருப்பி வெச்சிக்குவாரு.

– உங்க வூட்டுக்காரரா?

– வேற யாரச் சொல்றேன்? வேர்வை ஆகாது அவருக்கு. தறிக்குழியில குந்தி வேர்த்ததெல்லாம் போதும்னு சொல்லுவாரு. இடது முட்டி தேய்ஞ்சி போச்சி, மிதிச்சி மிதிச்சி. அதனாலதான் கிளட்ச் இல்லாத வண்டியாப் பாத்து வாங்கினாரு. இதுலதான் போனாரு தெரியுமா, இந்த வண்டியிலயேதான்.

– ஆக்சிடென்ட்டா?

– இல்ல, வூட்டு வாசல்லதான். முள்ளிப்பட்டுல நெசவுக்காரங்க வூட்டுக்குப் பாவு நூலு குடுத்துட்டு வந்து நிறுத்தினாரு. இன்ஜின் ஓடிகினே இருந்துச்சி. போன்ல பேசறாருன்னு நெனச்சி நான் சோறு எடுத்து வெச்சிகினு இருந்தேன். பொழுது சாஞ்சிடுச்சி. எதிர் வூட்டு கமலம்தான் வந்து கேட்டா, ‘இன்னா சுபா, உங்க வண்டி பின்னாடி செவப்பு லைட்டு அணையவே மாட்டேங்குது’ன்னு. போய்ப் பாத்தா, கண்ணு தெறந்துதான் இருந்துச்சி. பிரேக்குல வெச்ச காலு வெச்ச மேனிக்கு இருந்துச்சி. ஆம்பளைங்க ரெண்டு பேரு புடிச்சி இழுத்தும் அந்தக் கால எடுக்க முடியல.

– ஐயோ.

– நல்லவரு. சாவிய ஒரு நாளும் என் கையில குடுத்தது இல்ல. ‘நான் இருக்கறப்ப உனக்கு எதுக்குடி’ம்பாரு. ஸ்கூட்டி கத்துக்கிறேன்னு ஒரு தடவ கேட்டுட்டேன், சோத்தக் கூட தொடாம படுத்துகினாரு. கடைத்தெருவுக்குத் தனியாப் போனாக்கூட மொகம் சுருங்கிடும். அவ்ளோ பாசம்.

– ம்.

– என்னா ம்முன்னுட்டே?

– ஒண்ணுமில்லக்கா. எங்க வூட்லயும் ஒருத்தரு இப்பிடிப் பாசமா இருந்தாரு. அதான் நான் வண்டி ஓட்டக் கத்துகினேன். சரி, கத முடிஞ்சிது, பாடத்துக்கு வாங்க. இந்த சத்தத்துல எனக்கு மண்டை பேஜாராவுது.

– நான் எறங்கி பின்னாடி பெல்ட்ட மாட்டிட்டு வரேன்.

– ஆள் இல்லாத சீட்டுக்கா?

– மாட்டினா நிக்குமில்ல? இரு… ஏங்க, மாட்டிக்குங்க. செல்விக்குத் தலைய வலிக்குதாம்.

– அக்கா, யாருகிட்ட பேசறீங்க?

– பாரேன், நின்னுடுச்சி.

– ஆமா, நின்னுடுச்சி. ரைட்டு, ஏறுங்க. செருப்பக் கழட்டிட்டீங்களா? எங்க வெச்சீங்க?

– என் சீட்டுக்குக் கீழ தள்ளி விட்டேன்.

– சரி, இப்ப கேளுங்க. எங்க ஸ்கூல் வண்டியில கிளட்சு, கியருன்னு படிச்சதெல்லாம் மறந்துடுங்க. இதுல இடது காலுக்கு வேலையே இல்ல, மடக்கி ஓரமா வெச்சிடுங்க. ஒரே காலு, வலது காலு. அது பிரேக்குல இருக்கணும், இல்ல ஆக்சிலேட்டருல இருக்கணும். பிரேக்க மிதிச்சாதான் இந்த பட்டன் வேலை செய்யும். மிதிக்காம அமுக்கினா லைட்டு மட்டும் வரும், இன்ஜின் வராது. பிரேக்க மிதிச்சாதான் லீவரு பி-ய விட்டு வெளிய வரும். எதுக்கு அப்பிடி வெச்சிருக்கான்?

– புள்ளைங்க ஏறி வெளையாடிடக் கூடாதுன்னு.

– கரெக்ட்டு. புள்ளையோ, பேயோ, யாராயிருந்தாலும் சரி. வண்டிக்கு சாமியும் தெரியாது, சாத்தானும் தெரியாது. பிரேக்குல காலு இருக்குதா, அவ்ளோதான் அதுக்குத் தெரியும்.

– பேயின்னு சொல்லாத செல்வி, பின்னாடி கேக்கும்.

– சரி, சொல்லல. மிதிங்க. பட்டன். ஆ, வந்துடுச்சி பாத்தீங்களா. லீவரு டி-க்கு. இப்ப பிரேக்க மெதுவா விடுங்க, ஆக்சிலேட்டரத் தொடவே வேணாம். தானா நவுரும்.

– நவுருது! யம்மா, நவுருது செல்வி!

– அப்பிடியே ஒரு சுத்து. நெல்லு குமிச்சிருக்குது பாருங்க, தார்ப்பாய் போத்தி, அதுக்கு இந்தப் பக்கமா வாங்க. இன்னிக்கு ஞாயித்துக்கெழம, மில்லுல ஒரு ஆளு இல்ல, களம் பூரா நம்மளுதுதான். தங்கவேலு மொதலாளிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். இப்ப சடன் பிரேக்கு! …சூப்பரு. மறுபடியும். பிரேக்கு! …தலை முட்டுதா? பரவால்ல, காலுக்குப் பழகணும்.

– எனக்கு வருது இல்ல?

– வருதாவா? பிரமாதமா வருது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோங்க. வண்டி உருண்டுகினு இருக்கும்போது டி-ல இருந்து ஆர்-க்குத் தள்ளாதீங்க, கியர்பாக்ஸ் ஒடிஞ்சிடும். முழுசா நிக்கணும், அப்புறம்தான் மாத்தணும். ரைட்டா?

– ரைட்டு. லைசென்ஸ் வந்துட்டா நானே முள்ளிப்பட்டு போய் சேலை எடுத்துனு வந்துடுவேன். பிரபாகரன் சொல்றாரு, ‘பொம்பள எப்பிடி அண்ணி தறி வூடு வூடா போவீங்க, வண்டிய என்கிட்ட குடுத்துடுங்க’ன்னு. வண்டி போனா நெசவுக்காரங்களும் அவரு பின்னாடியே போயிடுவாங்க. அப்புறம் எனக்கும் என் பொண்ணுக்கும் என்னா இருக்குது?

– அதுக்குத்தான ஓட்டறீங்க. சரி, அந்த குடோன் செவுத்தாண்ட மூக்க வெச்சி நிறுத்துங்க. பிரேக்கு. லீவரு பி. ஹேண்ட் பிரேக்கு. பட்டன அமுக்கி ஆஃப். காலு கடைசியாத்தான் எடுக்கணும். வாங்க, பாய்லர் ரூமாண்ட குழாய் இருக்குது, மூஞ்சி கழுவிட்டு வரலாம். வெயிலு மண்டையப் பொளக்குது.

– சாவிய எடுத்துனியா?

– என் பாக்கெட்டுல இருக்குது. கதவும் லாக்கு.

– செல்வி.

– சொல்லுங்க.

– இப்ப குழாயாண்ட மூஞ்சி கழுவிகினு இருந்தமே, அப்ப வண்டிக் கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சா உனக்கு?

– மில்லுல எலி உருட்டும், தகரம் அடிக்கும். ஆயிரம் சத்தம் கேக்கும். ஏறுங்க ஜல்தி, உள்ள ஏசிய போடலாம்.

– ஏறதுக்கு முன்னாடி வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாக்கணும்னு நீதான சொல்லிக் குடுத்தே?

– வந்த உடனே பாத்தோமில்ல. இந்த வெயில்ல இன்னொரு தடவ எதுக்கு, யாரு இருக்கறாங்க இங்க? ஏறுங்கக்கா.

– செருப்பக் கழட்டி எங்க கடாசுறது? ஈரமா இருக்குது.

– மொதல்ல வெச்ச எடத்துலயே வெய்யிங்க. பெல்ட்டப் போடுங்க. இப்ப ரிவர்ஸ் எடுக்கப் போறோம். செவுரு முன்னாடி இருக்குது, பின்னாடி மட்டும்தான் போக முடியும். ரிவர்ஸ் போட்டாதான் கேமரா வரும், அதுலயும் சக்கரத்தாண்ட இருக்கறது எதுவும் தெரியாது. அதனால கண்ணாடியும் பாக்கணும், கழுத்தையும் திருப்பணும். திரும்பிப் பாருங்க.

– செல்வி, பெல்ட்டு.

– என்னா பெல்ட்டு?

– பின்னாடி நான் மாட்டினேனே. கழண்டு கிடக்குது.

– கிளிப்பு சரியா விழுந்திருக்காது.

– டிக்குன்னு சத்தம் கேட்டுச்சு, நீயும் கேட்டே. கதவு லாக்கு, சாவி உன் பாக்கெட்டுல.

– அக்கா, பட்டன ஒரு தடவ சும்மா அமுக்குங்க, பிரேக்க மிதிக்காம. லைட்டு வரட்டும்… பாருங்க, பெல்ட்டு கழண்டிருக்குது, ஆனா பொம்மை எரியல. கத்தவும் இல்ல. ஒயரு தானா சேந்துகிச்சி. நான்தான் சொன்னேனே.

– எரியலன்னா, சீட்டுல யாரும் இல்லன்னுதான அர்த்தம்?

– ஆமா, யாரும் இல்ல.

– அப்போ எறங்கிட்டாரு.

– அக்கா! சும்மா இருங்க, எனக்கே கை மயிரு நட்டுக்குது. பிரேக்க மிதிங்க, ஸ்டார்ட் பண்ணுங்க.

– மிதிச்சிட்டேன். வரல.

– நல்லா மிதிங்க.

– நல்லாத்தான் மிதிக்கிறேன், எறங்க மாட்டேங்குது. அடியில யாரோ காலு வெச்சி முட்டுக் குடுக்கற மாதிரி இருக்குது.

– லீவர இழுத்துப் பாருங்க.

– இதுவும் வரல. பி-லயே நிக்குது. அவருக்குப் புடிக்கல செல்வி. நான் வண்டி எடுக்கறது அவருக்குப் புடிக்கல.

– மெஷினுக்குப் புடிக்கறதும் தெரியாது, புடிக்காததும் தெரியாது. பிரேக்கு எறங்கலன்னா என்னமோ தடுக்குது. காலக் கொஞ்சம் நவுத்துங்க, குனிஞ்சி பாக்கறேன்… அட தேவுடா. உங்க செருப்புதான்! பிரேக்குக்கு அடியில சொருகிகினு நிக்குது.

– நான் சீட்டுக்குக் கீழதான தள்ளினேன்?

– ஈரச் செருப்பு, வழுக்கி முன்னாடி வந்துடுச்சி. இதுவே ரோட்டுல போவசொல்ல சிக்கியிருந்தா நம்ம கதை என்னா ஆயிருக்கும்? இனிமே செருப்பு வண்டிக்கு உள்ளயே வரக் கூடாது. இங்கேருந்து எனக்கு எட்டல, இருங்க, எறங்கி உங்க பக்கமா வந்து எடுக்கறேன்.

– முன்னாடி செவுரு இருக்குது, எப்பிடி வருவே?

– பின்னாடி சுத்திகினு வரேன்… அக்கா.

– என்னா?

– பட்டன்ல இருந்து கைய எடுங்க. எதையும் தொடாதீங்க.

– என்னா செல்வி?

– உங்க பக்கத்துப் பின் சக்கரத்தாண்ட ரெண்டு காலு தெரியுது.

– யார் காலு?

– தெரியல. வெறுங்காலு, அசையல. ஒடம்பு பாதி வண்டிக்கு அடியில இருக்குது. தலை… தலை சக்கரத்துக்குப் பின்னாடி ஒட்டினு இருக்குது அக்கா. ஒரு அடி நவுந்திருந்தாப் போதும். யோவ்! யோவ், எந்திரி! உசுரு இருக்குதாய்யா?

– இன்னாம்மா? இன்னாத்துக்குக் கத்தற?

– யப்பா, மூச்சு வந்துது எனக்கு. வெளிய வாய்யா மொதல்ல! யாரு நீ?

– பாலு. பாய்லருக்கு உமி தள்றவன். ராவெல்லாம் ஷிப்டு பாத்துட்டு, இப்பத்தான் கண்ண மூடினேன்.

– செல்வி, ஒண்ணும் ஆவலியே? அடி ஒண்ணும் படலியே?

– படலக்கா. செருப்பு மட்டும் சிக்கலன்னா, நீங்க ரிவர்ஸ் எடுத்திருப்பீங்க. நானே எடுக்கச் சொல்லியிருப்பேன். சுத்திப் பாக்கலாம்னு நீங்க கேட்டீங்க, நான்தான் வேணாம்னுட்டேன்.

– நீ அழாத. இது செருப்பு இல்ல, அவரு. என் சாமி. ‘இருடி, அவசரப்படாத’ன்னு செருப்பத் தள்ளி விட்டிருக்காரு. என் கையில ஒரு கொலப்பழி விழாம காப்பாத்திட்டாரு. ஏங்க, கேக்குதா? உங்களப் போயி, நான் ஓட்டறது புடிக்கலன்னு தப்பா நெனச்சிட்டேனே.

– நான் இதெல்லாம் நம்பறவ இல்லக்கா. ஆனா இன்னிக்கு நானும் கும்புட்டுக்கறேன்.

– இனிமே எங்க போனாலும் அந்த பெல்ட்ட மாட்டியே வெச்சிருப்பேன். அவரு கூடவே வரட்டும்.

– இன்னா ரெண்டு பேரும் அழுதுகினு? வண்டிய எடுக்கப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே நவுந்திருப்பேன்.

– நீ பேசாதய்யா! படுக்க வேற எடமே கிடைக்கலியா உனக்கு? நிக்கற வண்டிக்கு அடியில வந்தா தலைய வெப்பாங்க?

– நான் எங்கம்மா வந்தேன்? நான் பாட்டுக்கு பாய்லருக்கு அந்தாண்ட வேப்பமரத்தடியில கிடந்தேன். உங்க கூட வந்தவருதான் எழுப்பி, கையப் புடிச்சி இங்க இட்டாந்தாரு.

– எங்க கூட யாரும் வரலியே.

– பின்னாடி சீட்டுல இருந்து எறங்கி வந்தாரேம்மா, சில்லுனு கைய வெச்சினு. ‘இங்கதான் நல்ல நெழலு, தலைய சக்கரத்தாண்ட ஒட்டி வெச்சிக்கோ, பயப்படாம தூங்கு, இன்னியோட என் சம்சாரம் வண்டியத் தொடவே மாட்டா’ன்னு சொல்லி, படுக்க வெச்சிட்டுச் சிரிச்சாரு.