மூணாவது மேகசின்

அத வச்சிடுங்க மேடம். அந்த மூணு மேகசின் சேர்ந்த பொட்டலம் வேணாம். பளபளன்னு இருக்கும், எடுக்கத் தோணும். கடைச் சாமானத்த நானே வேணாம்னு சொன்னது தெரிஞ்சா எங்க ஓனரு டெல்பர்ட் என்னைத் தொலைச்சிடுவாரு. ஆனா அவரு இப்பத்தான் சாப்பிடப் போனாரு. பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் உள்ள போய், மான் வேட்டைக் கதையும் முடிஞ்சு அவரு வர அரை மணி ஆகும்.

நிக்காதீங்க, அந்த ஸ்டூல இழுத்துக்கோங்க. கால் இன்னும் வலிக்குதுல்ல? படியேறும்போது பாத்தேன்.

பிஸ்டல இப்படிக் குடுங்க. காலிதானே? ம், நானும் ஒருவாட்டி பாத்துக்கறேன். தப்பா நெனைக்காதீங்க.

மேகசின்னா என்ன, தோட்டாவ அடுக்கி வைக்கிற ஒரு தகரக் கூடு. அடியில ஸ்பிரிங், அதுக்கு மேல தோட்டாவத் தூக்குற தகடு, உச்சியில தோட்டாவப் பிடிச்சுக்கிற ரெண்டு உதடு. இதுல ஒண்ணு சரியில்லன்னாலும்... தெரியும், தெரியும், உங்களுக்கு இதெல்லாம் தெரியும். பதட்டமானா நான் பாடம் எடுக்க ஆரம்பிச்சிடுவேன். டெல்பர்ட் என்னைக் காலேஜு, காலேஜுன்னு கூப்பிடுறது அதுக்குத்தான். எங்கப்பா, அவரோட அப்பா, எல்லாரும் சுரங்கம். எங்க வீட்ல டிகிரி வாங்கின முதல் ஆளு நான். வாங்கிட்டு வந்து இங்க தோட்டா விக்கறேன்னு அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு.

எதுக்குப் பதட்டமா? சொல்றேன்.

உங்க பிஸ்டலுக்கு அலுமினிய உடம்பு. நாள் பூரா மலைப் பள்ளத்தாக்கெல்லாம் கார ஓட்டிக்கிட்டு, வீடு வீடா ஏறி ஊசி போடுற நர்ஸம்மாவுக்கு இரும்பு கனம்னு நான்தான் இத எடுத்துக் காட்டினேன். இப்பவும் அது தப்பில்ல. ஆனா அலுமினியம் மெதுவான உலோகம். தோட்டா ஏறுற சரிவு இதோ இருக்கு பாருங்க, விளக்குப் பக்கம் சாய்ங்க. தூக்குற தகடு முன்னாடி சாஞ்சா தோட்டாவோட மூக்கு மேல போகாம கீழ வந்து இங்க குத்தும். இரும்புன்னா ஒண்ணும் ஆகாது. இதுல பள்ளம் விழுந்துடும். அதனால தகடு பிளாஸ்டிக்ல இருக்கற மாதிரி, கீழ கால் நீளமா இருக்கற மாதிரி பாத்து எடுங்க. சாயாது. இதோ, இது. விலை கூடத்தான். ரெண்டு போதும்.

அந்த ரப்பர் பந்த அமுக்கறத கொஞ்சம் நிறுத்துங்களேன் மேடம். இல்ல, சத்தமெல்லாம் வரல. சும்மாதான் சொன்னேன்.

எட்டு மாசமா அமுக்கறீங்களா? தினமுமா?

வாங்கினதும் நம்பர் போட்டுடுங்க. நீங்க தினம் இடுப்புல வைக்கிற அதே தோட்டாவ ஒவ்வொண்ணுலயும் போட்டு நீங்களே சுட்டுப் பாருங்க. யாராவது வந்து, நான் எல்லாத்தையும் சோதிச்சிட்டேன் மேடம், நீங்க கவலையே படாதீங்கன்னு சொன்னா நம்பாதீங்க. ஆமா, நான் அப்படித்தான் சொன்னேன். அதே வார்த்தைதான்.

டெல்பர்ட் ஒரு சட்டம் வச்சிருக்காரு. ஒரு மேகசின்ல ரெண்டு தடவ தோட்டா சிக்கிச்சுன்னா சுத்தியலால நசுக்கிக் குப்பையில போடணும். வச்சுக்கவே கூடாது. ஆனா சுடற ஆளுங்க யாரு மேடம் அப்படிப் போடறோம்? சிக்கினா எப்படிச் சட்டுன்னு எடுக்கறதுன்னு பழகறதுக்கு ஆகும்னு எடுத்து வச்சுக்குவோம். அடியில ஒரு புள்ளி வச்சிட்டா போதும், கெட்டதுன்னு நமக்குத் தெரியும். நானும் வச்சிருந்தேன். என்னோடது மூணு, ஒரே கம்பெனி, ஒரே மாதிரி. மூணாவது சிக்கும். அதுக்கு மட்டும் வெள்ளை பெயிண்ட்ல ஒரு புள்ளி.

ஞாயித்துக்கிழமை சபையில எந்திரிச்சு சாட்சி சொல்லப் போறீங்கன்னு எங்கம்மா சொன்னாங்க. நெசமா? ஹோபர்ட் ஐயாவோட பொண்ணும் அங்க இருப்பாங்கல்ல. அவங்க முன்னாடியேவா?

என்ன சொல்லப் போறீங்க?

ம்.

ம். உங்க பிடி தளந்ததுதான் காரணம்னு.

அன்னைக்கு நடந்தத நீங்க எனக்குச் சொல்ல வேணாம், எனக்கு மனப்பாடம். ஊசி போட நீங்க ஹோபர்ட் ஐயா வீட்டுக்குப் போனப்ப, பக்கத்து வீட்டு நாய் ரெண்டும் சங்கிலிய அத்துக்கிட்டு வந்துச்சு. முதல் குண்டு வெடிச்சுது, ரெண்டாவது சிக்கிச்சு. ஒரு நாய் உங்க காலக் கவ்விக்கிச்சு. சத்தம் கேட்டு அந்த மனுஷன், மூச்சு விடவே மெஷின் வேணும் அவருக்கு, காலுறையோட துடப்பத்த எடுத்துக்கிட்டு உங்களக் காப்பாத்த வெளிய வந்தாரு. படியில வழுக்கி இடுப்பெலும்பு போச்சு. இருபது நாள் ஆஸ்பத்திரி. அப்புறம் சாவு. எனக்கும் அவரத் தெரியும் மேடம். சின்ன வயசுல எனக்கு மீன்தூண்டில் கட்டிக் குடுத்திருக்காரு. சாவுக்கு வந்தேன். கடைசி வரிசையில நின்னுட்டு, நீங்க பாக்கறதுக்கு முன்ன போயிட்டேன்.

போலீஸ்காரங்க பிஸ்டல திருப்பிக் குடுத்ததும் நேரா இங்கதான் எடுத்துட்டு வந்தீங்க. டெல்பர்ட் ரெண்டு இழு இழுத்துப் பாத்தாரு. துப்பாக்கி தங்கமா இருக்கு, லேசான துப்பாக்கி, பொம்பள மணிக்கட்டு, கெட்டியாப் பிடிக்கலன்னா சிக்கத்தான் செய்யும்னாரு. கடையில இருந்த அத்தனை ஆம்பளைங்களும் தலைய ஆட்டினாங்க. நானும் ஆட்டினேன். ஆட்டிட்டு, பிடி பலமாகட்டும்னு இந்தப் பந்த நான்தான் எடுத்து உங்க கையில குடுத்தேன்.

இருங்க. போயிடாதீங்க. இன்னும் கொஞ்சம்தான்.

நீங்க பிஸ்டல் வாங்கின அன்னைக்கு அதோட ஒரே ஒரு மேகசின்தான் வந்துச்சு. பாவம், தனியா அலையறவங்கன்னு என்னோடதுல ரெண்டு நல்லத எடுத்துக் குடுக்கலாம்னு நெனச்சேன். அழுக்கா குடுக்கக் கூடாதுன்னு மூணையும் ஒரே தட்டுல போட்டு கிரீஸ் கழுவற திரவத்துல கழுவினேன். நான் எதையும் சுத்தமா செய்யறவன். அந்தத் திரவம் பெயிண்ட்டையும் கரைச்சிடும், இந்தத் தொழில்ல இருக்கற எவனுக்கும் தெரியும். தொடைச்ச துணியில வெள்ளையா ஏதோ ஒட்டியிருந்துச்சு. பாத்தேன் மேடம். பாக்காம இல்ல. நீங்க கவுண்டர்ல காத்துக்கிட்டு இருந்தீங்க. சுண்ணாம்புத் தூசியா இருக்கும்னு துணிய மடிச்சிட்டேன். எது புள்ளி வச்சதுன்னு தெரியாமலே மூணுல ரெண்ட எடுத்து உங்க கையில குடுத்தேன்.

டெல்பர்ட் துப்பாக்கியப் பாத்த அன்னைக்கு, அதுல இருந்த மேகசின மட்டும் பின்னாடி கொண்டு போய் நான் சுட்டுப் பாத்தேன். முதல் குண்டு போச்சு. ரெண்டாவது மூக்கக் கவுத்துக்கிச்சு. மறுபடி போட்டேன், மறுபடி அதே. நல்லது ஒண்ண மாத்தி வச்சு உங்ககிட்ட குடுத்துட்டேன். நீங்க எனக்கு தேங்க்ஸ் சொன்னீங்க.

இந்தச் சரிவுல விரல வையுங்க. நகம் மாட்டுதா? அந்தப் பள்ளம் உங்க மணிக்கட்டு பண்ணினது இல்ல.

இதோ, அந்தக் கெட்ட மேகசின் இந்த டிராயர்லதான் இருக்கு. எட்டு மாசமா. சுத்தியல் கைக்கெட்டற தூரத்துல தொங்குது, ஆனா இத நசுக்கிட்டா சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இருக்காதுன்னு வச்சிருந்தேன். நீங்க எடுத்துட்டுப் போங்க. அவங்க பொண்ணுகிட்ட காட்டுங்க. வேணும்னா நான் வரேன், சபைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு மட்டும் சொல்லுங்க.

டெல்பர்ட் வண்டிச் சத்தம் கேக்குது. பரவால்ல, வரட்டும்.

அந்தப் பந்த இங்க வச்சிட்டுப் போங்க மேடம்.