கோழிப் பைகளுக்கு அடியில் இருந்த மனிதப் புரதம்

பெயர்: அழகமுத்து ரஜனி. வயது: 43. தொழில்: ஐஸ் பக்கற், யோகட் விற்பனை. முகவரி: ஏ-9 வீதி, பலாபத்வல, மாத்தளை. தமிழில் கேட்டார்கள், தமிழிலேயே சொல்கிறேன்.

நேற்று மாலை என் அக்காவின் மகள் துஷாந்தினி குளிர் போகாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றுடன் என் கடைக்கு வந்தாள். அவள் மாத்தளையில் ஓர் ஆய்வுகூடத்தில் கறுவாப்பட்டையை வைத்துப் படிப்புக்கான ஆராய்ச்சி செய்கிறவள். அங்குள்ள குளிர்ப்பெட்டி பழுதாகிவிட்டதால், திங்கட்கிழமை வரை இதை என் பிரீசரில் வைக்கும்படி கேட்டாள்.

அதன் பின்னர் பெட்டியைத் திறந்து காட்டினாள். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு குப்பி, அடியில் ஒரு சொட்டு உறைந்திருந்தது. பெட்டியின் மேல் லேபலில் மனிதன் என்றும் ஆய்வுக்கு மட்டும் என்றும் ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. யாருடைய உடம்பிலிருந்து எடுத்தது என்று கேட்டேன்.

"யார்கிட்ட இருந்தும் எடுக்கல சித்தி. சோத்த சீனியா மாத்துற சாமான் ஒண்ணு நம்ம உடம்புல இருக்குல்ல, அத செய்யிற விதத்த கிருமிக்குள்ள வச்சு, கிருமிய கொண்டே செஞ்சிருக்காங்க."

மனிதனுடைய வேலையைச் செய்கிற கிருமி சம்பளம் கேட்காதா என்றேன். சிரித்தாள். கறுவா அந்தச் சாமானை மந்தப்படுத்துமா என்று பார்க்கத்தான் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்களாம். உருகினால் பழுதாகிவிடும், வேறு கிடைக்காது, தன் படிப்பும் அதோடு சரி என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை. நான் பெட்டியைக் கோழிப் பைகளுக்கு அடியில் வைத்தேன்.

அந்தப் பைகள் பக்கத்துக் கோழிக்கடை ஸெய்னுலாப்தீன் நானாவுடையவை. இன்று காலை அவற்றை எடுக்க வந்தவர் லேபலைப் படித்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, மனுசன்ட சாமானயா ஏன்ட கோழியோட வெச்சீக்கிறீங்க?"

விளக்கினேன். கிருமி என்றதும் இன்னும் பயந்துபோனார். அவரைக் குறை சொல்லவில்லை, எனக்கே பாதிதான் விளங்கியிருந்தது.

அதன் பின்னர் அவர் பொலிஸுக்கு அறிவித்ததால் சார்ஜன்ட் வந்தார். பெட்டியை வெளியே எடுத்து வெயிலில் வைத்துப் படம் பிடிக்க வேண்டும் என்றார். பிள்ளையின் படிப்பு தண்ணீராகப் போய்விடுமே என்று நான் பிரீசர் மூடியின் மேல் ஏறி உட்கார்ந்தேன். யாரையும் தள்ளவில்லை, ஏசவுமில்லை. என்மேல் சொல்லும் கடமைக்கு இடையூறு என்பது அப்படி உட்கார்ந்தது மட்டும்தான்.

"அப்ப மனுசனோட சாமான கிருமி எப்படிம்மா செய்யும்?" என்று சார்ஜன்டும் கேட்டார். தெரிந்த பாதியைச் சொன்னேன்.

அதன் பின்னர் கடையைப் பூட்டி முத்திரை வைத்து என்னை இங்கே அழைத்து வந்தார்கள். பூட்டும்போது பாதுகாப்புக்கென்று மெயின் சுவிச்சையும் அணைத்தார்கள். கரண்ட் இல்லாவிட்டால் குப்பி உருகிவிடும் என்றுதான் வந்ததிலிருந்து சொல்கிறேன். முறைப்படி பெயர், வயதிலிருந்து தொடங்கச் சொன்னார்கள், தொடங்கினேன். மூடியைத் திறக்காவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். துஷாந்தினி வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சொன்னது அத்தனையும் உண்மை. எனக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். நான் கையெழுத்து வைக்கிறேன், நீங்கள் சுவிச்சைப் போட ஆள் அனுப்புங்கள்.

(ஒப்பம்) அ. ரஜனி