முதல் செருப்பு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. போனையெல்லாம் கவிழ்த்து வையுங்கள். என் தோழியின் தங்கை மகளுக்கு நடந்ததைச் சொல்லப் போகிறேன். கேட்டு முடித்ததும் உங்கள் செருப்பை எங்கே விட்டீர்கள் என்று ஒரு தரம் எட்டிப் பார்ப்பீர்கள். பந்தயம்.

விடியற்காலை நாலரை மணி. மழை விட்டும் தூறல் விடவில்லை. மாணவியர் விடுதியிலிருந்து கணினி அறைக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் மதில். விளக்குக் கம்பம் ஐந்து... எரிவது ஒன்று.

அதில் தன்னந்தனியாக நடந்தாள் அந்தப் பெண். விடுதியில் அவளுக்கு ‘வெடி’ என்று பெயர். மனசில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிடுவாள். அம்மா தையல் கடையில் சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவள். வீட்டில் கணினி என்ற பேச்சே கிடையாது. கீறல் விழுந்த போனில், கட்டைவிரல் வீங்க வீங்க ஆய்வறிக்கையை அடித்து முடித்திருந்தாள். அதைப் பென் டிரைவில் ஏற்றிக் கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தாள். இனி பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அந்தத் தளமோ வளாகத்துக் கணினியில் மட்டும்தான் திறக்கும். இன்று காலை எட்டு மணிக்கு மூடிவிடும். மூடினால் ஒரு வருஷப் படிப்பு போச்சு.

அந்த அறையில் கணினி நாற்பது. உயிரோடு இருப்பவை ஒன்பது. மாணவர்களுக்கு ஏழு மணி முதல் எட்டு வரைதான்; மீதி நேரமெல்லாம் அலுவலகத்துக்கு. அதனால் பிள்ளைகள் தாங்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். விடியும் முன் வந்து, பூட்டிய கதவருகே சுவரோரமாக ஒற்றைச் செருப்பை வைப்பார்கள். மற்றதைப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி விடுதிக்குத் திரும்புவார்கள். ஏழு மணிக்கு யார் செருப்பு முதலில் இருக்கிறதோ, அவர் முதல் ஆள். அடுத்தவர் செருப்பை எவரும் தொடக் கூடாது. எங்கும் எழுதி வைக்காத சட்டம். ஆனால் மீறியவர் யாரும் இல்லை.

இரண்டு நாளாக வெடியின் செருப்பு பத்தாவது. ஒன்பது பேர் உள்ளே போனதும் அறைப் பொறுப்பாளர் கையை நீட்டி மறிப்பார். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நடப்பதால் அவருக்குப் ‘பூட்டு சார்’ என்று பெயர். மறித்தபடி ஒரே வார்த்தை சொல்வார்: “நாளைக்கு வா.”

“இன்னிக்கு முதல் செருப்பு என்னோடதுதான்” என்று முணுமுணுத்தபடி படியேறினாள் வெடி.

இல்லை. அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது.

இடது கால். நீல வார். அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது.

அதற்குப் பின்னால் தன் செருப்பை வைத்தாள். திரும்பினாள். அப்போதுதான் கேட்டது... படியில்.

சப்... பச். சப்... பச்.

ஒரு காலில் செருப்பு. மற்றது ஈர வெறுங்கால். யாரோ ஏறி வருகிறார்கள். யாரையும் காணோம். ஈரத் தலைமுடி வாடை வந்தது. அதோடு கருகிய ஒயரின் நாற்றம். தரையில் ஈரத் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்து, நீலச் செருப்பின் பக்கத்தில் நின்றன. விரல்கள் கதவைப் பார்த்தபடி.

வெடிக்குப் பல் கிட்டியது. ஓடிவிடலாம். ஓடினால் மறுபடி இந்தப் படியேறத் துணிவு வருமா? அதற்குள் எட்டு மணி வந்துவிட்டால்?

“அக்கா...” என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். “நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நீங்க முதல்ல வந்தீங்க, முதல்ல போங்க. நான் ரெண்டாவது. ஆனா இங்கிருந்து நகர மாட்டேன். பயமுறுத்தினாலும் மாட்டேன்.”

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில், தலைமுடியிலிருந்து சொட்டுவது போல, டொக்... டொக்... என்று தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

ஐந்தரைக்குக் கூட்டிப் பெருக்கும் அம்மா வந்தாள். நீலச் செருப்பைப் பார்த்ததும் துடைப்பம் நின்றுவிட்டது.

“வந்திருச்சா இது...? எத்தனையோ வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு இதே மாதிரி மழையில மூணு நாள் வந்து நின்னுச்சும்மா. மூணு நாளும் நாளைக்கு வா, நாளைக்கு வான்னே அனுப்பினாங்க. நாலாம் நாள் செருப்பு மட்டும்தான் இருந்துச்சு.”

“அந்தப் பொண்ணு?”

“எங்கிட்ட யாரு சொல்லப் போறா?” செருப்பைத் தொடாமல் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள்.

ஏழு மணிக்குள் இன்னும் ஏழு செருப்பு சேர்ந்தது. ஏழு பிள்ளைகளும் வந்து நின்றார்கள். சாவி குலுங்கப் பூட்டு சாரும் வந்தார்.

“இன்னிக்கு உங்களுக்குக் கிடையாது. மேலிடத்துலேர்ந்து பார்வையிட வராங்க. எல்லாத்தையும் துடைச்சு வெச்சிருக்கு. நாளைக்கு வா.”

“எட்டு மணிக்கு மூடிடும் சார்!”

“நாளைக்குன்னு சொன்னேன்ல?”

“துடைச்சு அடுக்கி வைக்க அது என்ன பீங்கான் தட்டா சார்? நாங்க படிக்கத்தானே வாங்கினது?” என்றாள் வெடி.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூட்டு சாருக்கு முகம் கறுத்தது. “வாயைப் பாரு வாயை!” என்று, கோபத்தில் காலடியில் கிடந்த முதல் செருப்பை ஓங்கி எற்றினார்.

நீலச் செருப்பு படியில் உருண்டது. டப். டப். டப்.

சத்தம் அடங்கியது. பிறகு... கீழிருந்து மேலே... சப். பச். சப். பச். இந்த முறை எல்லாருக்கும் கேட்டது.

சாவி அவர் கையில்தான் இருந்தது. பூட்டு உள்ளே க்ளிக் என்றது. கதவு தானாகத் திறந்தது. இருட்டறைக்குள் ஒன்பது திரைகள் வெளிச்சமாக நின்றன.

முதலில் நுழைந்தவள் வெடி. மற்றவர்கள் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பூட்டு சார் மெயின் சுவிட்சை அணைக்க ஓடினார். அது ஏற்கெனவே அணைந்திருந்தது. முந்தின நாள் மாலை அணைத்ததே அவர்தான்.

எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். கதவோரத்து நாற்காலி காலி. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதன் முன்னாலிருந்த விசைப்பலகையில், புதிதாகப் பழகும் ஒற்றை விரல் அழுத்துவது போல, விசைகள் தாமாக இறங்கி ஏறின. டக்... டக்... டக்...

“எல்லாரும் எழுந்திருங்க!” பூட்டு சாரின் குரல் நூலாக வந்தது.

வெடி பென் டிரைவைச் செருகிவிட்டுத்தான் திரும்பினாள்.

“மாட்டோம் சார். நாங்க வரிசையில வந்தவங்க. வேணும்னா நீங்களும் செருப்பை வெச்சுட்டு வாங்க.”

ஏழு ஐம்பத்தெட்டுக்கு அவள் திரையில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று வந்தது. ஒவ்வொரு திரையாக வந்தது. கடைசியாக, காலி நாற்காலியின் திரையிலும். அத்தோடு ஒன்பதும் ஒன்றாக அணைந்தன.

வெளியே எட்டுச் செருப்புதான் இருந்தது. நீல வார் அதன்பின் வரவேயில்லை.

ஆனால் மறுநாள் காலை பூட்டு சார் வீட்டு வாசலில் ஒரு ஷூதான் இருந்தது. மற்றதைக் காணோம். நொண்டிக்கொண்டே வேலைக்கு வந்தார். பூட்டிய கதவருகே, பிள்ளைகளின் செருப்பு வரிசையில், முதலாவதாக நின்றது அவருடைய கறுப்பு ஷூ. பீரோவில் வைத்துப் பூட்டிப் பார்த்தார். தலைமாட்டில் வைத்துப் படுத்தும் பார்த்தார். விடிந்தால் ஷூ அந்த வரிசையில்தான். மழை நின்று மாதம் மூன்று ஆயிற்று... இன்னமும் அதற்குள் தண்ணீர் தளும்புகிறதாம். தோலில் ஓர் ஊக்கு குத்தியிருக்கிறதாம். எடுக்க அவர் குனியும்போதெல்லாம், காதோரம் ஈரமாக ஒரு பெண் குரல்...

“நாளைக்கு வா.”

சரி, போய்ப் படுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தக் கதவருகே நின்றாலும் அது அன்றைக்கே திறக்கட்டும். உங்கள் வாசலில் செருப்புகள் என்றைக்கும் ஜோடியாகவே இருக்கட்டும்.