கிச்சாப்புக்குக் கொடுத்த கிஸ்மிஸ்

இந்த டேகு எலியின் பற்கள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் பயப்படாதீர்கள். அதுதான் ஆரோக்கியம். வெளுத்துப் போனால்தான் கவலைப்பட வேண்டும். புதிதாக வளர்க்கிறவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். முதல் வாரம் நானே பழைய பல் பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருந்தேன்.

உட்காருங்கள், மதிவாணன். இதைக் கொண்டுபோகப் பண்டார் தெங்காராவிலிருந்து வெயிலில் வந்திருக்கிறீர்கள். என் மகள் ஷர்மைன் அவள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்ற அழைத்துப் போயிருக்கிறாள். திரும்ப ஆறு மணி ஆகும். "தீனி விஷயமெல்லாம் டாடி விளக்கமா சொல்லுவாங்க" என்று உங்களிடம் போனில் சொன்னாளாம். சொல்கிறேன். சொல்வதுதான் எனக்குப் பிழைப்பாகவே இருந்தது.

முப்பத்தொரு வருடம் சுகாதார இலாகாவில் வேலை செய்தேன். தோட்டம் தோட்டமாகப் போய், ஆட்களை உட்காரவைத்து, இனிப்புநீர் வியாதி வராமல் எப்படிச் சாப்பிடுவது என்று பேசுவேன். ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்து மண்டபத்தில், ஒரு பாட்டில் சிரப்பில் எத்தனை கரண்டி சீனி இருக்கிறது என்று கண்ணாடிக் குவளையில் அள்ளிப் போட்டுக் காட்டினேன். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். கூட்டம் முடிந்ததும் அதே சிரப்பைக் கலக்கி எல்லாருக்கும் கொடுத்தார்கள். நானும் இரண்டு குவளை குடித்தேன். என் பேச்சின் சக்தி அவ்வளவுதான்.

சரி, தீனி. காய்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். உருண்டைத் தீனி அளவாக. கீரை ஒரு துண்டு. பழம் கூடாது, பிஸ்கட் கூடாது, தேன் தடவிய எதுவும் கூடாது. இந்தப் பிராணியின் உடம்புக்குச் சீனியைச் சமாளிக்கத் தெரியாது. நம்மில் பாதிப் பேருக்கும் தெரியாது, ஆனால் நமக்கு வருடக்கணக்காகும், இதற்கு மாதக்கணக்கு. வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், தோல் கையோடு வந்துவிடும். மணலில் புரள விடுங்கள். மதிய வெயிலில் அறை சூடாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற டேகுவோடு முதல் நாளே ஒரே கூண்டில் விட்டுவிடாதீர்கள். நடுவில் கம்பி வலை வைத்து, ஒன்றையொன்று மோந்து பழகட்டும்.

தீனி விஷயம் அவ்வளவுதான். ஆனால் இதனுடைய ஜோடி எப்படிச் செத்தது என்று ஷர்மைன் உங்களிடம் சொல்லியிருப்பாள். மம்மி தெரியாமல் இனிப்பு கொடுத்துவிட்டார்கள் என்று. அது சரியான தகவல் இல்லை. தவறான தகவலோடு எதையும் ஒப்படைப்பது எங்கள் இலாகாவின் வழக்கமில்லை.

ஷர்மைன் முன்பு இந்தக் கூலாய் வீட்டிலிருந்துதான் தினமும் சிங்கப்பூர் போய்வந்தாள். கருக்கலில் பஸ் ஏறி, எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று, முகம் வாடித் திரும்புவாள். அப்போது வாங்கியவைதான் இந்த இரண்டும். சோயா சாஸ் மாதிரிக் கறுத்தவன் கிச்சாப், மிளகாய்ச் சட்னி மாதிரிச் செம்பட்டை நிறத்தவள் சம்பால். பிறகு அவள் அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்காரம்மா பிராணி கூடாது என்றார். இரண்டும் எங்களோடு தங்கின. தீனி விதிகளை ஒரு தாளில் எழுதி ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள்.

முதலில் வாரம் ஒரு தடவை வந்தாள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. பிறகு மாதத்துக்கு ஒன்று, அதுவும் பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால். போனில் முகம் பார்த்துப் பேசுவோம். நான் கண்ணாடியைத் துடைத்து, தலையை வாரிக்கொண்டு வந்து நிற்பேன். "டாடி, கேமராவ கொஞ்சம் கீழ இறக்குங்க லா, கிச்சாப் தெரியல" என்பாள். இறக்குவேன். அதற்குப் பிறகு பேச்செல்லாம் கிச்சாப்போடுதான். என் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரியும் என்று நினைக்கிறேன்.

"வாம்மா" என்று நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. வாழ்நாள் முழுக்கக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்தவன் நான். கறிபாப்பும் தேத்தண்ணியும் உண்டு என்று சொன்னால்தான் ஜனம் வரும். சொந்த மகளும் அப்படி அழைத்துத்தான் வரவேண்டுமா என்று ஒரு மானம்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸில், என் மனைவி டொரத்தி கேக்குக்குக் கிஸ்மிஸ் நறுக்கும்போது ஒன்று உருண்டு கூண்டுக்குள் விழுந்தது. கிச்சாப் அதை முன்கையில் பிடித்து, ஏதோ கோப்பைப் படிக்கும் அதிகாரி மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துத் தின்றான். நான் கடமையாக ஷர்மைனுக்குத் தெரிவித்தேன்.

"அலமாக். எத்தன டாடி?"

"ஒண்ணுதான்மா."

மறுநாள் காலையில் வந்து நின்றாள். இரண்டு நாள் இருந்தாள். கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டாள். என் மூக்குக் கண்ணாடியில் திருகு தளர்ந்திருந்ததைக் கவனித்து முடுக்கிக் கொடுத்தாள். அந்தக் கண்ணாடி எட்டு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது.

ஜனவரியில் இரண்டாவது கிஸ்மிஸ். அது தவறி விழவில்லை.

அதற்கும் வந்தாள். மூன்றாவதுக்கு வரவில்லை. "ஒண்ணுன்னா பரவால்ல டாடி, தண்ணி ரொம்பக் குடிக்கிறானான்னு மட்டும் பாத்துக்குங்க" என்றாள். நியாயம்தான். வெறும் எச்சரிக்கை மூன்று தடவைக்கு மேல் எடுபடாது என்று நானே புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஜனங்களுக்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

ஆகவே டொரத்தி காலைப் பூசைக்குப் போனதும் தினமும் இரண்டு கிஸ்மிஸ் கொடுத்தேன். சில நாள் பழுத்த பப்பாளி, கட்டைவிரல் நகமளவு. அளவு தவறியதில்லை. பாக்கெட் சரசரத்தால் போதும், கிச்சாப் கூண்டுக் கதவுக்கு ஓடிவருவான். என் முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் என்னைக் கேட்க அப்படி ஓடிவந்தவர் யாருமில்லை. சம்பால் மட்டும் என் கையிலிருந்து எதையும் வாங்கமாட்டாள். மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஏப்ரலில் தண்ணீர்ப் பாட்டில் அரை நாளில் காலியாகத் தொடங்கியது. கூண்டு ஈரம். சிறுநீரில் சீனி பார்க்கும் பட்டைகள் என்னிடம் மிச்சம் இருந்தன. தொட்டுப் பார்த்தேன், நிறம் மாறியது. எனக்குக் கொஞ்சம் திருப்திகூட ஏற்பட்டது, மறைக்க விரும்பவில்லை. ஓய்வு பெற்ற பிறகு என் கணிப்பு ஒன்று சரியாக வந்தது அதுதான் முதல் தடவை. இன்னும் இரண்டு வாரம் பொறுத்து, கண்ணில் பால் படிந்த மாதிரி வெள்ளை தெரிந்ததும் ஷர்மைனுக்குப் போன் செய்தேன்.

ஜொகூர் பாருவில் மிருக டாக்டர் ரூபேந்திரனிடம் மூன்று பேரும் கொண்டு போனோம். அவர் விளக்கைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார்.

"கண்ணுல பூ விழுந்திருக்கு. இது ஒரு நாள்ல வர்றது இல்ல. யாரோ தொடர்ந்து இனிப்பு கொடுத்திருக்காங்க. வீட்ல யார் பாத்துக்கறாங்க?"

"டாடிதான், டாக்டர். ஆனா டாடி கொடுக்கமாட்டாங்க. ஹெல்த்துல இருந்தவங்க" என்றாள் ஷர்மைன்.

பிறகு மெதுவாகத் திரும்பி அவள் அம்மாவைப் பார்த்தாள். டொரத்திக்குப் பன்னிரண்டு வருடமாக இனிப்புநீர். கைப்பையில் மிட்டாய் ஒளித்துவைத்து ஒன்றிரண்டு தடவை எங்களிடம் பிடிபட்டவள். டொரத்தி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த முயல் படத்தைப் பார்த்தேன். நல்ல படம்.

"பிஸ்கட் தூள் எப்பவாவது விழுந்திருக்கும்மா" என்றாள் டொரத்தி.

"எப்பவாவதா? டாக்டர் என்ன சொன்னாங்க, கேக்கலையா மம்மி?"

காரில் திரும்பி வரும்போது டொரத்தி பின்னால் உட்கார்ந்து மடியில் கூண்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஷர்மைன் முன்னால் என் பக்கத்தில். செனாய் தாண்டும்வரை வேலையிடத்துக் கதையெல்லாம் என்னிடம் சொன்னாள். இனிமையான பயணம்.

அதன் பிறகு பதினொரு வாரம், ஒரு வாரக் கடைசி தவறாமல் வந்தாள். பதினொன்று என்பது, அதற்கு முந்தின வருடம் முழுக்க அவள் வந்ததைவிட அதிகம். கிச்சாப் பார்வை போய் முட்டி முட்டி நடந்தான். ஆனாலும் பாக்கெட் சத்தம் கேட்டால் சரியாக என் பக்கம் திரும்புவான். ஜூலையில் ஒரு ஞாயிறு மதியம், ஷர்மைனின் மடியில் செத்துப்போனான். பின்பக்கத்தில் பிலிம்பி மரத்தடியில் புதைத்தோம். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அப்படி அவள் கடைசியாக அழுதது ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்த அன்று. எனக்கும் வருத்தம்தான். வருத்தப்படவில்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

ஆகஸ்டில் அவள் வரவில்லை. செப்டம்பரில் ஒரு அரை நாள் வந்து, அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசாமல் போனாள். சம்பாலிடம் முயன்று பார்த்தேன். பப்பாளியை மோந்துவிட்டுக் காலால் தள்ளிவிட்டாள். இத்தனை வருடத்தில் என் பிரசாரத்தை முழுமையாகக் கடைப்பிடித்த ஒரே ஜீவன் சம்பால்தான்.

வீட்டில் இன்னொரு நோயாளி இருந்தாள்.

நான் டொரத்திக்கு எந்த இனிப்பும் கொடுக்கவில்லை. இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவளுடைய ஒரு வார மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்துப் போடுவது என்னுடைய வேலை, ஞாயிற்றுக்கிழமைதோறும். அவளுக்கு எழுத்து சரியாகத் தெரியாது, கண் மங்கல். காலையில் இனிப்புநீருக்கு இரண்டு மாத்திரை. ஒன்றுக்குப் பதிலாக, பார்க்க அதே மாதிரி இருக்கும் சத்து மாத்திரையைப் போட்டேன். சத்து மாத்திரை யாருக்கும் கெடுதல் செய்யாது. விரலில் குத்தி ரத்தம் பார்ப்பதும் நான்தான். எண்ணை வாய்விட்டுப் படித்துச் சொல்வதும் நான்தான். கருவி எது காட்டினாலும் "ஏழு" என்பேன். "பரவால்லயே" என்று சந்தோஷப்படுவாள்.

நான்கு மாதம். செருப்பு வார் உரசி அவள் கால்விரலில் ஒரு புண் வந்தது. அந்தப் புண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். அது எப்படி ஆரம்பிக்கும், எந்த நிறத்துக்கு மாறும் என்று படங்கள் வைத்து எத்தனையோ மண்டபத்தில் விளக்கியிருக்கிறேன். முதல் படத்தின் நிலையிலேயே பார்த்துவிட்டேன். மூன்றாவது படம் வரும்வரை மஞ்சள் மருந்து தடவிவிட்டேன். அது வந்தது ஒரு புதன்கிழமை. வெள்ளிவரை பொறுத்துத்தான் ஷர்மைனைக் கூப்பிட்டேன். வேலை நாளில் பிள்ளைக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதல்லவா.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். டாக்டர்கள் நல்லவர்கள், பாதத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். ஷர்மைன் சம்பளமில்லாத விடுமுறை போட்டுவிட்டு வந்தாள். ஆறு வாரமாக வீட்டில் இருக்கிறாள். அம்மாவும் மகளும் சமாதானமாகிவிட்டார்கள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். சம்பாலைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தது அவள்தான். இனி அம்மாவைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும் என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மதியம் ஷர்மைன் கேண்டீனுக்குப் போயிருந்தபோது டொரத்தி என் கையைப் பிடித்தாள்.

"அந்தக் கிஸ்மிஸ் பாக்கெட்ட நான் மார்ச் மாசமே பாத்துட்டேங்க. உங்க சட்டப் பையில."

நான் மற்றக் கையால் தலையணையைச் சரி செய்தேன்.

"மாத்திரை போடறத நான்தான் மறந்துட்டேன்னு பிள்ளைகிட்ட சொல்லிட்டேன். நீங்க எதுவும் பேசாதீங்க." கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். "ஒரு தடவை 'வாம்மா'ன்னு சொல்லியிருந்தா வந்திருப்பா அவ. அதுக்கு என் காலு எதுக்கு?"

குரலில் கோபமில்லை. பதில் எதிர்பார்த்துக் கேட்ட மாதிரிதான் இருந்தது. கேள்வி நேரத்தில் நான் எப்போதும் கொஞ்சம் பலவீனம்தான்.

நீங்கள் ஏன் எழுந்துவிட்டீர்கள், மதிவாணன்? கூண்டை நான் கார்வரை தூக்கி வருகிறேன், கனம். ஷர்மைனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள். நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் அவள் நம்பமாட்டாள். டொரத்தியும் மறுத்துவிடுவாள். "இனிமே மம்மி மாத்திரைய நீங்களே கையில எடுத்துக் கொடுங்க டாடி, உங்கள நம்பித்தான் நான் திரும்பிப் போறேன்" என்று நேற்றுகூடச் சொன்னாள்.

அந்த விஷயத்தில் உங்களுக்குக் கவலை வேண்டாம். நான் திருந்திவிட்டேன். இந்த வாரப் பெட்டியில் சரியான மாத்திரைகளைத்தான் போட்டிருக்கிறேன், அடுத்த வாரமும் அப்படித்தான் போடுவேன். ஷர்மைனுக்கு இருபத்தெட்டாம் தேதிவரை விடுமுறை இருக்கிறது. அதுவரை அவசரம் ஒன்றுமில்லை.