தகரத்துக்குப் பின்னால் இருபத்திரண்டு வீடுகள்

எனக்குச் சர்க்கரை வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா, வெறும் டீ போதும். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

சேரப்பணஞ்சேரிக்கு நடைபாதையும் தெருவிளக்கும் மேம்பாட்டுக் குழுத் தலைவரான நான் கொண்டுவந்தவை. நடைபாதையில் வடகம் காயவைத்தார்கள், விளக்குக் கம்பத்தில் மாட்டைக் கட்டினார்கள். இந்த ஜனங்களிடம் நன்றியை எதிர்பார்க்கும் அளவுக்கு நான் அசடு இல்லை.

அன்று காலை வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் இடம் பார்க்க வந்தார்கள். தொழிற்சாலை அமைந்தால் இரண்டாயிரம் பேருக்கு வேலை. வரவேற்புப் பந்தலுக்குப் பின்னாலோ இருபத்திரண்டு ஆஸ்பெஸ்டாஸ் வீடுகள், சாக்கடை, கோழிகள். அதைப் பார்த்துவிட்டு எவன் முதல் போடுவான்? தகரம் அடித்து மறைத்து, அதில் பச்சை வயலும் கொக்கும் வரையச் சொன்னேன். மற்ற மூன்று பக்கமும் ஏற்கெனவே இருக்கும் கம்பெனிகளின் மதில். வெளியே வரத் தகரத்தில் விட்டிருந்த ஒரே கதவைப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் உள்ளேயே இருங்கள் என்று முந்தின நாளே வீடு வீடாகச் சொல்லியாயிற்று.

விருந்தாளிகள் உட்கார்ந்ததும் கதவுக்கு அந்தப் பக்கம் திருமலையின் குரல் கேட்டது. அவன் மனைவி ஸ்ரீமதிக்கு நிறைமாதம்.

"தலைவரே, ரத்தமா போய்க்கினு கீது. கதவ தொறங்க, ரோட்ல ஆட்டோ நிக்குது."

"வண்டிங்க கெளம்பட்டும்பா, பொறு," என்றேன். பொறுமை என்றால் என்னவென்றே தெரியாத பிறவிகள். தகரத்தை இடிக்க ஆரம்பித்தான்.

தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அழுகையோ காதில் விழக் கூடாது என்று கெட்டிமேளம் கொட்டச் சொல்வோம் அல்லவா? மேளக்காரர் ஆறுமுகநயினாரைப் பார்த்து விரலை ஆட்டினேன். தாலியே இல்லாமல் எதற்கு என்று விழித்தாலும் கொட்டினார். விருந்தாளிகள் கைதட்டி ரசித்தார்கள். இடிக்கும் சத்தம் எழும்போதெல்லாம் ஆட்டினேன். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு ஆட்ட வேண்டியிருக்கவில்லை.

கதவைத் திறந்தபோது ஸ்ரீமதி போய்விட்டிருந்தாள், வயிற்றுப்பிள்ளையும்.

மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். எல்லாம் கேட்டது. திறந்தால் அவளைப் பந்தல் வழியாகத்தான் தூக்கிவர வேண்டும், கம்பளமெல்லாம் ரத்தமாகும். யோசித்துத்தான் திறக்கவில்லை.

அடுத்த மாதம் கம்பெனிக்காரர்கள் மறுபடி வருகிறார்கள். நிறைமாதக்காரிகளை முன்கூட்டியே தாய்வீட்டுக்கு அனுப்பிவிடும்படி குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னைப் போய் இரக்கமில்லாதவன் என்கிறார்கள்.