கடைசிச் சொட்டு

— சிட்டு கையில பத்துச் சொட்டு மருந்து வச்சுக் குத்தினாங்க மாமா. பத்துல ஒண்ணுகூடத் தடிக்கல.

— தடிக்கலைன்னா நல்லதுதானேம்மா. பிள்ளைக்கு எல்லாம் ஒத்துக்குதுன்னு அர்த்தம். பையை எடு, வீட்டுக்குப் போலாம்.

— அப்படி இல்லையாம். டாக்டர் முகமே சரியில்ல. வெளியில உட்காருங்க, கூப்பிடறேன்னுட்டாங்க.

— முகம் சரியில்லைன்னா அது அவங்க வீட்டு விவகாரம். இதோட அஞ்சு டாக்டரு. முதல் ஆளு தூசின்னான். முப்பது வருஷமா மெத்தை தச்ச கடை, பஞ்சையெல்லாம் மூட்டை கட்டித் தள்ளிட்டுப் பூட்டைப் போட்டேன். ரெண்டாவது ஆளு பூனைன்னான். அதைக் கொண்டுபோய் என் தங்கச்சி வீட்ல விட்டேன். இன்னிக்கும் என்னைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்குது.

— பூனையா, உங்க தங்கச்சியா?

— ரெண்டும்தான்.

— மெதுவாப் பேசுங்க மாமா. சிட்டு அங்க மீன் தொட்டிகிட்டதான் நிக்கிறா. காதுல விழும்.

— விழட்டும். நாலு வயசுக்குள்ள அவ கேக்காததா? மூணாவது ஆளு ரத்தத்தை உறிஞ்சிட்டு, நாப்பது சாமான் பேரைப் போட்டு ஒரு தாளை நீட்டினான். நீதான் படிச்சுச் சொன்ன. அப்ப தண்ணியும் காத்தும்தான் பாக்கியான்னு கேட்டேன், அந்தாளுக்குக் கோவம் வந்துடுச்சு. நாலாவது ஆளு அந்தத் தாளைப் பாத்துட்டு, ஆமா, எல்லாத்தையும் நிறுத்துன்னுட்டான். அன்னையிலேருந்து வெறும் சோறு, வேகவச்ச உருளைக்கிழங்கு. பிள்ளை இடுப்புல பாவாடை நிக்கல.

— அதுக்குத்தானே மாமா இங்க வந்தோம். அலர்ஜிக்குன்னே படிச்ச டாக்டர், இத்தனை ஊருக்கும் சேத்து இவங்க ஒருத்தர்தான். இந்தத் தேதிக்கு நாலு மாசம் காத்திருந்தோம்.

— காத்திருந்து என்ன கண்டோம்? பிள்ளை கையில பேனாவால ஒண்ணு ரெண்டு எழுதி அனுப்பியிருக்காங்க. பள்ளிக்கூடத்துலேயே செய்யலாம் அதை.

— அந்தப் பிறந்தநாள் விருந்தை நினைச்சுப் பாருங்க. உதடு வீங்கி, தொண்டை அடைச்சு, மூச்சு விசில் மாதிரி வந்துச்சே. அன்னைக்கு அவ எதைத் தின்னான்னு நமக்கு இன்னும் தெரியாது. அது தெரியாம எப்படி வெளியில அனுப்புவேன்? யாரோ பாசமா ஒரு பிஸ்கட்டை நீட்டினா போதும்.

— தெரியும்மா. தோள்ல போட்டுக்கிட்டு ஓடினது நான்தானே. அந்த விசில் சத்தம் இன்னும் இந்தக் காதுல இருக்கு.

— உள்ள வாங்கம்மா. நீங்களும் வாங்க பெரியவரே. குழந்தை நர்ஸ்கூட இருக்கட்டும்.

— சொல்லுங்க டாக்டர். எதுவுமே தடிக்கலையே, அப்ப அவ எல்லாம் சாப்பிடலாமா?

— அவசரப்படாதீங்கம்மா. குழந்தை கையில வச்சதுல ஒன்பது சொட்டு சாப்பாட்டுச் சாமான். முட்டை, பால், கடலை, அந்த மாதிரி. பத்தாவது சொட்டு வேற. அது யார் தோல்ல வச்சுக் குத்தினாலும் கொசு கடிச்ச மாதிரி தடிக்கும். அது தடிச்சாத்தான் மத்த ஒன்பதையும் நம்ப முடியும். இவளுக்கு அந்தக் கடைசிச் சொட்டும் தடிக்கல.

— அப்ப சொட்டு மருந்து பழசா இருக்கும்.

— மாமா.

— என்ன மாமா? பஞ்சு பழசானா மெத்தை எழும்பாது. மருந்து பழசானா தோலு எழும்பாது. இதுக்குப் படிச்சுட்டு வேற வரணுமா?

— நியாயமான சந்தேகம்தான் பெரியவரே. கையை நீட்டுங்க. சளிக்கு, அரிப்புக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?

— எந்த மாத்திரையும் கிடையாது. டாக்டருங்க பிழைக்கற மாதிரி எனக்கு உடம்பு அமையல. குத்துங்க.

— அதே பாட்டில்தான், பாத்துக்குங்க. குத்தியாச்சு. பத்து நிமிஷம் சொறியாம உட்காருங்க. அம்மா, நீங்க சொல்லுங்க. ஏழு நாளைக்கு முன்னாடியே அரிப்பு மாத்திரையை நிறுத்தணும்னு நர்ஸ் ஃபோன்ல சொன்னாங்களா?

— சொன்னாங்க டாக்டர். அன்னைக்கே அட்டையோட குப்பைக்கூடையில போட்டுட்டேன். கையில இருந்தா மனசு கேக்காதேன்னு.

— அரிப்பு எப்படி இருந்துச்சு?

— மூணாவது நாளே முழங்கை மடிப்புல தோல் உரிஞ்சுபோச்சு. நகம் படாம இருக்க ரெண்டு கையிலயும் காலுறையை மாட்டி விட்டேன். அதைப் பல்லால கடிச்சு இழுத்துட்டு, அம்மா நீயாவது சொறிஞ்சு விடும்மான்னு கேப்பா.

— அதுக்கப்புறம்?

— அப்புறம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

— தானா குறைஞ்சுதா?

— ஆமா டாக்டர். தானாத்தான்.

— டாக்டரம்மா, எனக்கு இங்க நமநமன்னு அரிக்குது. பாருங்க, மெத்தைப் பட்டன் அளவுக்கு எழும்பியிருக்கு.

— அப்ப மருந்து பழசில்ல, இல்லையா பெரியவரே? குழந்தை உடம்புலதான் ஏதோ அரிப்பு மருந்து இருக்கு. அது இருக்கற வரைக்கும் தோல் வாயைத் திறக்காது. ரத்தத்துல எடுத்த அந்தத் தாளை மட்டும் வச்சும் சொல்ல முடியாது. அதுல பேர் வந்ததெல்லாம் உடம்புக்கு ஆகாதுன்னு இல்ல. பாதிக்கு மேல அவ நிம்மதியாச் சாப்பிடற சாமானா இருக்கலாம். எந்தப் பாதின்னுதான் தெரியணும்.

— அப்ப இன்னொரு தடவை குத்திப் பாருங்க டாக்டர்.

— இன்னிக்கு முடியாது. வரிசையில எண்பது குழந்தைங்க நிக்குது. வீட்ல யாரு குடுத்தாங்க, எதைக் குடுத்தாங்கன்னு தெரியாம நான் இன்னொரு தேதி போட்டா அதுவும் வீணாத்தான் போகும். திட்டறதுக்குக் கேக்கலம்மா. தெரிஞ்சா தேதி போடறேன். தெரியலைன்னா வேற இடம்தான் பாக்கணும்.

— நான் வேலைக்குப் போயிடறேன் டாக்டர். பகல்ல இவர்தான் பாத்துக்கறாரு. இவரு மாத்திரையைத் தொடக்கூட மாட்டாரு. பக்கத்து வீட்ல யாராவது... எனக்கு ஒண்ணும் புரியல டாக்டர்.

— டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன். டானிக்கும் மாத்திரையும் ஒண்ணா?

— எந்த டானிக்?

— சளிக்குக் குடுப்பாங்களே, சிவப்பா, தித்திப்பா. அதைக் குடிச்சா பிள்ளை அசந்து தூங்கும். நாலு நாளா மத்தியானத்துல ஒரு மூடி குடுத்தேன். மாத்திரை குடுக்காதேன்னீங்க, குடுக்கல. டானிக் குடுக்காதேன்னு யாரும் சொல்லலையே.

— மாமா...

— நீ சும்மா இரும்மா. கேட்டது என்னை.

— ஐயா, அதுலயும் அதே மருந்துதான் இருக்கு. பாட்டில்ல எழுதியிருக்குமே.

— எழுதியிருக்கும். ரெண்டாங் கிளாஸோட நின்னவன் அதைப் படிக்கணுமே.

— சரி. மறைக்காம சொன்னீங்க, அது போதும். அடுத்த தடவை ஏழு நாளைக்கு மாத்திரை, டானிக், சளி மருந்து, இருமல் மருந்து, எதுவும் கூடாது. ஆனா உதடு வீங்கினா, மூச்சு இழுத்தா அந்தப் பேச்சே கிடையாது, ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துடணும். தேதி மூணு மாசம் கழிச்சுத்தான் இருக்கு.

— மூணு மாசமா டாக்டர்? அதுவரைக்கும் அவ என்ன சாப்பிடுவா?

— இப்ப சாப்பிடறதுதான்மா. வேற எதையும் நான் தைரியமாச் சொல்ல முடியாது. யாராவது வரலைன்னா முன்னாடியே கூப்பிடறேன். நர்ஸ்கிட்ட எழுதி வாங்கிக்குங்க.

— வாம்மா. பிள்ளையை நான் தூக்கிக்கறேன், நீ படி பாத்து இறங்கு. ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கலையா?

— அவருதான். கப்பல்லேருந்து. ஒரு வேலையை உருப்படியாச் செய்யத் தெரியாதான்னு ஆரம்பிப்பாரு.

— கிழவன் கெடுத்துட்டான்னு சொல்லு. பெத்த அப்பனைத் திட்டி அவனுக்குப் பழக்கம்தான்.

— மறுபடியும் ஏழு நாளு மாமா. அவ சொறியறதைப் பாத்துக்கிட்டு கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். நம்மால ஆகுமா?

— தெரியலம்மா.

— அந்த டானிக்காலதான் தடிக்கல, இல்லையா மாமா? அது மட்டும்தான் காரணம், இல்லையா?

— டாக்டர் அப்படித்தானே எழுதிக்கிட்டாங்க.

— அந்தப் பாட்டிலை நான் பாத்ததே இல்லையே. எங்க வச்சிருக்கீங்க? முதல்ல அதைத் தூக்கிப் போடணும்.

— நம்ம வீட்ல டானிக் ஏதும்மா?

— என்ன மாமா சொல்றீங்க?

— குப்பைக்கூடையைக் கொட்டறது நான்தானே. மாத்திரையைப் போட்டுட்டேன்னு நீ சொன்ன அன்னைக்கே, பிள்ளை அழுதா ஒண்ணு குடுக்கலாம், எடுத்து ஒளிச்சு வச்சுக்குவோம்னு கூடையைத் தரையில கவுத்துத் தேடினேன். நீ போட்டிருந்தாத்தானே கிடைக்கும்.